கச்சானும் கலச்சாவும்

நேற்றுப் பின்னேரம் டச் பே கடற்கரையில் கச்சான் கொறித்தபடி, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் கேட்டாள்: "மூளை வளரேக்க கலங்கள் ஏன் அப்பா சாகுது?"

தேவைக்கு மேல் நரம்புக் கலங்கள் உருவாகி, பல தாமாகவே அழிகின்றன. எது மிஞ்சும் என்பதில் பாலியல் ஓமோன்களுக்கும் பங்குண்டு. எலி மூளையில் ஒரு சிறு கலத்திரள் ஆணுக்குப் பல மடங்கு பெரிது என்று 1978இல் ஆய்வாளர் கோர்ஸ்கியின் குழு காட்டியது. வேடிக்கை என்னவென்றால், அங்கே 'ஆண் ஓமோன்' எனப்படும் டெஸ்டோஸ்டெரோன் மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் கலங்களைக் காக்கிறது. ஆம், நாம் 'பெண் ஓமோன்' என்று பெயர் வைத்த அதேதான்! பக்கத்துத் திரளிலோ அதே ஓமோன் கலங்களைச் சாகவைக்கிறது. அங்கே பெண் எலிக்குத்தான் கலங்கள் கூட.

"அப்ப காப்பாத்துறதும் அதுதான், கொல்லுறதும் அதுதானா?" என்றாள். ஓம் என்பதற்குள் கச்சான் முடிந்துவிட்டது.