வேருக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் உயிர்

சமஸ்கிருத வினைகளைப் பத்துக் கணங்களாக (வகுப்புகளாக) மனப்பாடம் செய்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விகுதிக்கு முன்னால் 'அ' வருகிறதா? 1, 4, 6, 10 ஆகிய நான்கு கணங்களில் வரும். மற்ற ஆறில் வராது. வேரையும் விகுதியையும் இணைப்பதால் இதை இணைப்புயிர் என்போம். சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி இந்த அகரத்துக்கு 'சப்' என்று பெயர் வைத்து, முதல் கணத்து வினைகளில் வேருக்குப் பின்னால் செருகுகிறார்.

'பரதி' என்றால் சுமக்கிறான். பர் + அ + தி. இதே வினை கிரேக்கத்தில் ஃபெரொமென் (சுமக்கிறோம்), ஃபெரெதெ (சுமக்கிறீர்கள்) என்று வரும். நடுவிலிருக்கும் உயிரைக் கவனியுங்கள். மகர, நகரங்களுக்கு முன்னால் 'ஒ', தகரத்துக்கு முன்னால் 'எ'. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றுக்குத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் வினைகளின் விதியே இதுதான். சமஸ்கிருதத்தில் எ, ஒ இரண்டும் அகரமாகக் கலந்துவிட்டதால் வேறுபாடு மறைந்துபோனது. ஆனால் முழுதாக அழியவில்லை. 'பராமஹ' (சுமக்கிறோம்) என்பதில் அகரம் நீள்கிறதே, ஏன்? 'அதோ தீர்க்கோ யஞி' (சில மெய்களில் தொடங்கும் விகுதிக்கு முன் அகரம் நீளும்) என்று பாணினி விதி சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஒப்பிலக்கணத்தார் காரணமும் சொல்கிறார்கள்: திறந்த அசையில் நின்ற பழைய ஒகரம் ஆகாரமாயிற்று. இன்னொரு தடயம் மெய்யில் இருக்கிறது. எகரத்துக்கு முன் நின்ற ககரம் சகரமானது. ஒகரத்துக்கு முன் அப்படியே இருந்தது. அதனால்தான் வினை 'பசதி' (சமைக்கிறான்), பெயர் 'பாக'. நம் நளபாகத்தில் இருப்பது அந்தப் பழைய ககரம். இந்தக் கணக்குப்படி 'பசந்தி'யிலும் (சமைக்கிறார்கள்) ககரம் இருந்திருக்க வேண்டும். ஒரே வினைக்குள் இரண்டு மெய் வேண்டாமென்று சகரமே எங்கும் பரவிவிட்டது.

முதல் கணத்தில் வடிவம் கட்டும்போது பலர் சறுக்கும் இடம், உயிரில் முடியும் வேர். 'நீ' (அழைத்துச் செல்) என்னும் வேர் முதலில் 'நே' ஆகும், பிறகு அகரம் சேரும், ஏகாரம் 'அய்' என்று உடையும்: நயதி. அகரத்தை மறந்தால் 'நேதி' என்று நிற்கும், அது தவறு. ஆறாம் கணத்தில் வேர் மாறாது: துத் (குத்து), துததி. அழுத்தம் அங்கே வேரில் இல்லாமல் இணைப்புயிரில் விழுவதே காரணம்.

இந்த உயிர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 'த்விஷ்' (வெறு) இரண்டாம் கணம். த்விஷ் + தி = த்வேஷ்டி. நிகழ்காலத்தில் மெய்கள் மோதிக்கொண்டாலும் சமாளிக்கலாம். இறந்தகாலத்தில்தான் சிக்கல். முன்னிலை ஒருமை விகுதி வெறும் 'ஸ்', படர்க்கை ஒருமை விகுதி வெறும் 'த்'. சொல்லின் கடைசியில் பொதுவாக இரண்டு மெய்கள் நிற்க முடியாது, விகுதி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 'அத்வேட்'. நீ வெறுத்தாயா, அவன் வெறுத்தானா? வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இணைப்புயிர் உள்ள வினையில் அபரஸ் (சுமந்தாய்), அபரத் (சுமந்தான்) என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. 'அத்' (உண்) வேரும் இரண்டாம் கணம்தான். ஆனால் இந்த இரண்டு இடங்களில் மட்டும் ஓர் அகரத்தை வாங்கிக்கொண்டு ஆதஸ், ஆதத் என்று தப்பித்துவிடுகிறது.

சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் தமிழ்ச் சாரியையோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஓரளவுக்குத்தான் பொருந்தும். இந்த உயிருக்குச் சில இடங்களில் பொருளும் உண்டு: வேதமொழியில் 'அஸ்தி' என்றால் இருக்கிறது, 'அஸதி' என்றால் இருக்கட்டும், இருக்கும். அதே வடிவம்தான் லத்தீனில் எதிர்காலம் காட்டும் 'எரித்'. உயிர்களுக்கு நடுவில் அகப்பட்ட ஸகரம் அங்கே ரகரமாயிற்று.

மெய் மோதல் தொல்லையால் காலப்போக்கில் இணைப்புயிர் வினைகளே பெருகின. பாலி மொழியில் 'ஹந்தி'யோடு (கொல்கிறான்) 'ஹனதி'யும் வழங்கியது. 'லேடி' (நக்குகிறான்) 'லேஹதி' ஆயிற்று. கிரேக்கத்திலும் 'தெய்க்னூமி' (காட்டுகிறேன்) பக்கத்திலேயே 'தெய்க்னுஓ' முளைத்தது. 'இரு' என்னும் வினை மட்டும் எளிதில் மசியவில்லை: சமஸ்கிருதத்தில் அஸ்தி, கிரேக்கத்தில் எஸ்தி, லத்தீனில் எஸ்த்.