கிருஷ்ணகிரியிலிருந்து விமானம் ஏறுபவர்கள் கவனத்துக்கு

நம்ம ஊர்க்காரர்களுக்கு விமானப் பயணத்தில் கஷ்டம் வானத்தில் இல்லை. ஓசூர் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆரம்பிக்கிறது. பெங்களூரையே கடந்து வடக்கே தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அதனால் வீட்டைப் பூட்டும் முன்பே விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட, விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமானது முன்கூட்டியே தெரிந்த விதி. விமானிகளைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கவுன்டரில் நாம்தான் வாயைத் திறக்கணும்.

அப்புறம் பவர் பேங்க். செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். வரம்பு 100 வாட்-ஹவர். பவர் பேங்கின் மேல் எம்ஏஎச் (mAh) அளவு மட்டும் போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்; 20,000க்கு 74 வரும், பிரச்சினை இல்லை. துபாய் கிளம்பும் சித்தி மகனுடையதை நேற்று திருப்பிப் பார்த்தேன், பின்பக்க எழுத்தெல்லாம் சாவி உரசி அழிந்து ஒரு பூஜ்ஜியம் மட்டும் மிச்சம். அளவு தெரியாததால் அதை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். எமிரேட்ஸில் என்றால் 2025 அக்டோபரிலிருந்து ஒன்றுதான் எடுத்துப் போகலாம், பறக்கும்போது பயன்படுத்தவும் முடியாது.

ஓசூர் விமான நிலையமா? 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், 2,000 ஏக்கர். அது வரும்வரை நமக்கு பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசல்தான்.