குளிரில் பொங்காத மாவும் நாலு கால் வாங்கும்

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவும் அப்பாவும் நுவரெலியாவுக்கு வந்து, என்னோடு பன்னிரண்டு நாள் நின்றுவிட்டுப் போனார்கள். நான் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருடம். அவர்கள் வந்தது இதுதான் முதல் தடவை. எந்த நாளில் எங்கே கூட்டிப்போவது என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கடைசியில் அந்தக் கொப்பி நிறைய மாப் புளித்த கணக்கும், வாங்குக்கு, அதாவது பெஞ்சுக்கு, எடுத்த பலகை அளவும்தான்.

கண்டி வரை ஒரு பஸ், பிறகு றம்பொடை வழியாக இன்னொன்று. அப்பா வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாராம், அம்மா கண்ணைத் திறக்கவே இல்லையாம். பைக்குள் முருங்கைக்காய், ஒடியல் மா, பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய். உழுந்துகூட ஒரு கிலோ. "உங்க கடையில என்ன உழுந்து விக்கிறாங்களோ ஆருக்குத் தெரியும்" என்றார் அம்மா.

அந்த உழுந்தில்தான் தொடங்கியது. இரண்டாம் நாள் மாலை ஒரு சுண்டு உழுந்தைக் கொஞ்சம் வெந்தயத்தோடு அரைத்து, அவித்த கோதுமை மா கலந்து, வீட்டில் செய்வதுபோலவே மூடி வைத்தார். விடியப் பார்த்தால் வைத்த மட்டத்திலேயே மா கிடந்தது. குசினியில் இரவு 15 பாகை. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28, 30 பாகை வேண்டும். இந்தக் குளிரில் அவை அசையவே நாளெடுக்கும். இதை நான் விளக்க, அம்மா வெந்தயத்தில்தான் பிழை என்று முடிவு கட்டினார். அதைத் தோசையாகச் சுட்டோம். ரொட்டிபோல இருந்தது. சம்பல் நன்றாக இருந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பருப்பும் அவரை ஏமாற்றியது. இங்கே உயரம் கிட்டத்தட்ட 1,870 மீற்றர், தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதி தெரியும், பருப்பு வேகாது. குக்கரை எடுத்துக் கொடுத்த பிறகுதான் குசினியில் சத்தம் அடங்கியது.

மூன்றாம் நாள் ஹக்கல பூங்கா. 1861இல் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம் வளர்க்கவென்று தொடங்கிய இடம் என்று அப்பாவுக்குச் சொன்னேன். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா குடித்த கதையை அவர் எடுத்துவிட்டார், அரை மணி போனது. ஏற்ற இறக்கத்தில் அம்மாவுக்கு முழங்கால் நோ. சீதை அம்மன் கோயிலில் ஆற்றுப் பக்கமாக அவர் உட்கார்ந்துகொள்ள, மிச்ச நேரம் அங்கேயே கழிந்தது. அனுமான் பாதம் என்று காட்டும் பாறைக் குழிகளை அப்பா மட்டும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வீடு வந்ததும் அப்பா கேட்டார்: "பிள்ளை, இந்த விறாந்தையில இருக்க ஒரு வாங்குகூட இல்லையே?"

அடுத்த நாள் கிறெகரி வாவிக்குப் போவதாக எழுதியிருந்தேன். அதை வெட்டிவிட்டு மரக்காலைக்குப் போனோம். தேயிலைக்கு நிழலுக்கு நடும் கிறேவிலியாப் பலகை கிடைத்தது. நாலடி நீளம், 18 அங்குல உயரம் என்று அப்பா கணக்குச் சொன்னார். பலகையைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி குடிச்ச மரம்" என்றார். விறாந்தையில் இடையிடையே ரீப்பைத் துண்டு வைத்து அடுக்கி இரண்டு நாள் காற்றாட விட்டோம். அதற்குள் எங்கே காயப்போகிறது? அதனால்தான் ஆணி வேண்டாம், திருகாணி போடு என்றார். மரம் காய்ந்து சுருங்கினாலும் பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

இடையில் ஒரு நாள் ரயில். நானுஓயாவில் ஏறி அப்புத்தளை வரை. நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவில் வெளியே ஒன்றும் தெரியாத மூட்டம். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் ஊவாப் பக்கம் வெயில். அம்மா முதல்தடவையாக ஸ்வெட்டரைக் கழற்றினார். அப்பா ஜன்னலால் பார்த்தது முழுக்கத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மரக்குற்றிகளைத்தான்.

ஏழாம் நாள் வாங்கு நிமிர்ந்து நின்றது, ஆனால் ஆடியது. இப்படி ஆடினால் நான் நீளமான காலைக் கொஞ்சம் அறுப்பேன், பிறகு மற்றதை, பிறகு இன்னொன்றை. அப்படி ஒரு ஸ்டூலை மணையாக்கிய ஆள் நான். அப்பா வாங்கை மட்டமான சீமெந்துத் தரையில் வைத்து, ஆடுகிற காலுக்குக் கீழே மட்டைத்துண்டு செருகி ஆட்டத்தை நிறுத்தினார். அந்த இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த பலகைத் துண்டொன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் அறுத்தோம். ஆட்டம் நின்றது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

மாவுக்கு இரண்டாம் முயற்சியாக, சட்டியைச் சூடு போகாமல் உள்ளே வைக்க மீன் கடையில் ரெஜிபோம் பெட்டி வாங்கி வந்தேன். தேசிக்காய் போட்டு எத்தனை கழுவு கழுவினாலும் மீன் பெட்டி மீன் பெட்டிதான். அன்று வெள்ளிக்கிழமை வேறு. அம்மா அதை வாசலோடு நிறுத்திவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் மிச்சப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே பழைய கம்பளியை இரட்டையாக மடித்து வைத்தார். மாச் சட்டியும் இரண்டு சுடுதண்ணிப் போத்தலும் உள்ளே. முதல் இரவு போத்தல் சட்டியோடு ஒட்டி நின்று அந்தப் பக்கம் மா அரைவாசி வெந்துபோனது. அடுத்த தடவை போத்தல்களுக்குத் துணி சுற்றி, நாலு மணிக்கொருக்கால் தண்ணீர் மாற்றினோம். இரவு இரண்டு மணிக்கு எழும்பியது அப்பா. பெட்டிக்குள் 27 பாகை. பதினொரு மணித்தியாலத்தில் மா சட்டி விளிம்புக்கு வந்திருந்தது.

அன்று காலை மூவரும் புது வாங்கில் இருந்து தோசை சாப்பிட்டோம். மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிய எங்கள் வீட்டுத் தோசை. எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "பாவம், இந்தக் குளிருக்க" என்று அம்மா மூன்று தரம் சொன்னார். கிறெகரி வாவிக்குப் போகவே இல்லை.

பிறகு நாள் தவறாமல் பின்னேரம் மூன்று மணிக்கே உழுந்து அரைக்கத் தொடங்கிவிட்டார் அம்மா. ஊர் போய் மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்கு அழைப்பு. அங்கேயும் கை பழக்கத்தில் மூன்று மணிக்கே அரைத்து மூடி வைத்தாராம். பொங்கி வழிந்து குசினி நிலமெல்லாம் மா. "கொப்பர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், ஒரு துணி எடுத்துத் தரேல்ல" என்றார்.