பின் இறகில் ஒரு ஸ்டிக்கர்

செப்டம்பர் பாதி தாண்டினால் அமெரிக்காவின் கன்சாஸில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே மெக்சிகோவை நோக்கிப் போகும். மஞ்சள் பூக்கள் மண்டிய புதர்களில் தேன் குடிக்க இறங்கும்போதுதான் என் வலைக்குச் சிக்கும்; எங்கே போய்ச் சேர்கின்றன என்று அறிய, ஸ்டிக்கர் ஒட்டி விட்டுவிடுவேன்.

பிடித்ததும் மூடிய இறகுகளை இரண்டு விரல்களுக்கு நடுவே மெதுவாகப் பிடிக்க வேண்டும். பின் இறகின் வெளிப்பக்கத்தில் கையுறை வடிவில் ஒரு கட்டம் தெரியும். எண் அச்சிட்ட வட்ட ஸ்டிக்கர் அங்கேதான். ஒட்டி, ஓரிரு நொடி அழுத்தினால் போதும். ஆணா பெண்ணா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்வேன்: பின் இறகு நரம்பில் கரும்புள்ளி இருந்தால் ஆண். விரலில் ஒட்டும் செதில்கள் மாவு போல இருக்கும். அரை கிராம்தான் எடை, ஆனால் கால்களால் என் விரலைப் பற்றும் பிடி எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்!

இவற்றில் ஒன்றுகூட மெக்சிகோவைப் பார்த்ததில்லை. வசந்தத்தில் அங்கிருந்து கிளம்பியவை இவற்றின் முன்னோர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒட்டிய ஸ்டிக்கருடன் ஒரு மோனார்க்கை, கனடிய விலங்கியலாளர் ஃப்ரெட் அர்குஹார்ட் 1976இல் மெக்சிகோ மலைக்காட்டில் கண்டெடுத்தார். அப்படிப்பட்ட சான்றுக்காகத்தான் இத்தனை பாடு.

சரி, நாளை வடக்குக் காற்றாம். வலை, ஸ்டிக்கர் தாள், பென்சில் எல்லாம் பையில் வைத்துவிட்டேன்.