ரோஜா வாசனை ஜெல்லியும் அம்மாவின் குதிகாலும்

மார்கழி பிறந்தால் போதும், அம்மாவின் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். விடியற்காலைப் பனியில் வாசல் தெளித்துக் கோலம், அப்புறம் வெறுங்காலோடு வரப்பு, களம் என்று தை அறுப்பு முடிகிறவரை அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது.

போன வருஷம் நான்தான் மன்னார்குடி கடைத்தெருவில் ரோஜா வாசனை போட்ட பெட்ரோலியம் ஜெல்லி வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி ராத்திரி வெடிப்புக்குள்ளேயே அப்பிக்கொண்டாள். நான்கைந்து நாளில் குதிகாலைச் சுற்றிச் சிவந்து, நெல் சுணை பட்ட மாதிரி அரிப்பு. தூக்கத்தில் ஒரு காலை இன்னொரு காலில் சரக் சரக்கென்று தேய்க்கிற சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. "நீ ஆசையா வாங்கிக் குடுத்ததுடா, அதான் சொல்லல" என்றாள். அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

தோல் டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாசனை இல்லாததைப் போடச் சொன்னார். சுத்தமான வெள்ளை ஜெல்லி யாருக்கும் லேசில் ஒவ்வாமல் போகாது. அதில் கலக்கிற வாசனைப் பொருள்தான் பலருக்கு ஆகாது, அதுவும் வெடித்த தோலில் நேராக உள்ளே இறங்கிவிடும். லேபிளில் 'ஃப்ராக்ரன்ஸ்' என்றோ 'பர்ஃபம்' என்றோ இருந்தால் வெடிப்பு, சிரங்கு, குழந்தை உடம்பு எதிலும் வேண்டாம். நல்ல தோலில் பூச ஆசையென்றால் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம், தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். அரித்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஜெல்லி தானாக ஈரம் கொடுக்காது, தோலில் இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடும், அவ்வளவுதான். அதனால் காய்ந்த காலில் பூசிப் பெரிய பலன் இல்லை. கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மெல்லிசாகத் தடவி காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அங்கே தடவவே கூடாது, அந்த இடம் காயத்தான் வேண்டும். மூக்குக்குள்ளும் அடிக்கடி தடவாதீர்கள், நாளடைவில் நுரையீரலுக்குள் இறங்கலாம். ஜெல்லி ஊறின புடவையோடு விறகடுப்புப் பக்கம் போகவே போகாதீர்கள், பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இந்த மார்கழியில் வாசனையில்லாத டப்பாதான். பிளவு மூடிக்கொண்டு வருகிறது. மிச்சமிருந்த ரோஜா ஜெல்லியைக் கொல்லைக் கதவுக் கீலுக்கு நானே தடவித் தீர்த்தேன்.