75 கியாட் நோட்டும் புதுத் தோசைக்கல்லும்

சின்ன வயதில் நாங்கள் கடை வைத்து விளையாடியது நிஜ நோட்டில். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் பர்மாப் பணமான கியாட், 75 கியாட் நோட்டுகள் கட்டாகக் கிடக்கும். அப்போது பர்மாவை ஆண்ட ஜெனரல் நெ வின்னின் 75ஆவது பிறந்தநாளுக்காக 1985இல் வந்த நோட்டு என்பார்கள். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 மூன்றும் செல்லாது என்றுவிட்டார்கள், மாற்றியும் தரவில்லை. அவள் முறுக்குச் சுற்றிச் சேர்த்த காசு. அப்புறம் 45, 90 என்று புது நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடுமாம், அவருக்கு ராசியாம். என்ன கணக்கோ!

அப்பா எதற்கெடுத்தாலும் "பெட்டியை நெனச்சுக்க" என்பார். அதை நினைத்தே ஓர் அரிசிக் கடையில் பதினோரு வருஷம் கணக்கெழுதினேன். தோசை வண்டி ஆசையை வெளியே சொல்லவில்லை. காசு போவதுகூடப் பெரிதில்லை. காளி கோயில் வாசலில் யாராவது "என்ன தம்பி, வண்டி ஓடலையா?" என்று கேட்டால்? அதுதான் வயிற்றைக் கலக்கியது.

2013இல் ரங்கூன் தாம்வேயில் ஒரு தெருமுக்கில் போட்டேவிட்டேன். உளுந்துக்கு இங்கே பஞ்சமில்லை, இந்தியாவுக்கே இங்கிருந்து கப்பலேறுகிறது. மாவும் நன்றாகப் பொங்கியிருந்தது. கல்தான் புதுசு. முதல் தோசை எழும்பவே இல்லை. இரண்டாவது பாதிதான் வந்தது. மூன்றாவதைச் சுரண்டிய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு பர்மாக்கார அம்மா மட்டும் பிய்ந்ததையே வாங்கிக்கொண்டு "யபாதே" என்றார், பரவாயில்லையாம். மற்றவர்கள் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

மாவு வாளியோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா பெட்டி இருந்த பக்கம் பார்த்தார், பேசவில்லை. அப்பத்தா கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"பழக்காத கல்லை வச்சுக்கிட்டு ஏண்டா ஊரைக் கூட்டுனே?"

அரிசி கழுவின தண்ணீரில் கல்லை ஊறப்போட்டாள். ராத்திரி எடுத்துத் துடைத்து, அடுப்பிலேற்றி, எண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தைக் கம்பியில் குத்தி என் கையில் தந்தாள். தேய்த்துக்கொண்டே கேட்டேன், நோட்டு செல்லாமல் போன அன்றைக்கு என்ன செய்தாய் என்று.

"முறுக்குக்கு அரிசி ஊறப் போட்டிருந்தேன். அதை என்ன பண்றது? ஆட்டிச் சுட்டேன்."

நாலாம் நாள்தான் தோசை முழுசாக எழும்பியது. இப்போதும் தினம் முதல் தோசை கொஞ்சம் ஒட்டத்தான் செய்கிறது. அது காக்காய்க்கு.