நான்கு தண்டவாளம், ஒரு பிளாட்பாரம்: கான்ட்லெட் வேலை இதுவரை

டிராம் போகும் பாதையிலேயே சரக்கு ரயிலும் போகவேண்டும். எச்ஓ அளவில் (1:87) நான் கட்டிக்கொண்டிருக்கும் சின்ன மாதிரி ரயில் லேஅவுட்டின் கரு இதுதான். எந்த ஊரை மாதிரியாக வைப்பது என்று தேடினால், இந்த ஏற்பாட்டுக்கே ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். 'ஷேர்டு காரிடார்' என்றால் பெரும்பாலும் இரண்டு பாதைகளும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, அவ்வளவுதான். 'ஷேர்டு டிராக்' என்றால்தான் ஒரே தண்டவாளம். 'டிராம்-டிரெயின்' இன்னொரு வகை. 1992-ல் கார்ல்ஸ்ரூவில் வந்தது. ஊருக்குள் 750 வோல்ட் டிசியில் ஓடும் வண்டி அப்படியே 15,000 வோல்ட் ஏசி மெயின்லைனில் ஏறிவிடும்.

முதலில் சான் டியேகோவைத்தான் நினைத்திருந்தேன். 1981-ல் பழைய சரக்குப் பாதையிலேயே டிராலி (டிராமுக்கு அங்கே அந்தப் பெயர்) விட்ட ஊர். ஆனால் சரக்கு ரயில் அங்கே டிராலி அடங்கிய பிறகு ராத்திரியில்தான் வரும். இதற்கு அமெரிக்காவில் 'டெம்போரல் செபரேஷன்' என்று பெயர். சரக்கு எஞ்சின் மோதினால் லைட் ரெயில் (டிராம் வகை) பெட்டி தாங்காது, அதனால் நேரத்தையே பிரித்துவிட்டார்கள். 2004-ல் வந்த நியூஜெர்சி ரிவர் லைனிலும் இதே ஏற்பாடுதான். நியாயமான விதி. லேஅவுட்டில் மட்டும் உப்புச்சப்பில்லை, ஒன்று ஓடினால் மற்றது யார்டில் தூங்கும்.

கடைசியில் மனம் நின்றது ஜெர்மனியின் காசல் நகரத்துப் பக்கம். லோசெ பள்ளத்தாக்கு ரயில்பாதையில் 2006-ல் ஹெஸ்ஸிஷ் லிக்டெனாவ் வரை டிராம் போய்ச் சேர்ந்தது. அங்கே சில நிறுத்தங்களில் நான்கு தண்டவாளங்கள் பின்னினாற்போல் கிடக்கும்: கான்ட்லெட் டிராக். டிராமின் அகலம் 2.40 மீட்டர், சரக்கு வேகன் 3.15 மீட்டர் வரை வரலாம். டிராமுக்கு ஒட்டிக் கட்டிய பிளாட்பாரத்தை வேகன் உரசாமலிருக்க, வேகனைச் சற்றுத் தள்ளி இன்னொரு ஜோடித் தண்டவாளத்தில் அனுப்புகிறார்கள்.

எவ்வளவு தள்ள? அகல வித்தியாசத்தில் பாதி, 37.5 சென்டிமீட்டர். நம் அளவில் 4.3 மில்லிமீட்டர். தண்டவாளத்துக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டையில் நான்கு தண்டவாளம் உட்காராது. பிசிபி (செம்பு பூசிய சர்க்யூட் போர்டு) பட்டைகளை நறுக்கி, அதன்மேல் சால்டர் வைத்தேன். பார்க்கப் பயமுறுத்தும் வேலைதான், செய்தால் பாதை பிரியும் சாதாரண பாயிண்ட்டைவிடச் சுலபம். தள்ளும் தூரம் கேஜைவிட (ஒரு பாதையின் இரு தண்டவாள இடைவெளி) குறைவு என்பதால் எந்தத் தண்டவாளமும் இன்னொன்றை வெட்டாது, ஆகவே ஃபிராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு) கிடையாது. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரத்துக்கு இடது ஜோடி இரண்டும் ஒரே போலாரிட்டி, வலது ஜோடியும் அப்படியே. செம்பை நடுவில் ஒரு கோடு கீறினால் போதும், ஷார்ட் ஆகாது. ஜோடிக்கு நடுவே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடம் இருக்கிறது, ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உள்விளிம்பு) தாராளமாக நுழைகிறது.

இரு முனைகளிலும் வண்டியைப் பாதை மாற்றிவிடும் நகரும் தண்டவாள நாக்குகள் மட்டும் வேண்டும். பழைய பாயிண்ட் இரண்டை அறுத்து எடுத்துக்கொண்டேன்.

அதிக நேரம் தின்றது வளைவு. தள்ளும் இடத்தில் பாதை எஸ் மாதிரி வளைகிறது. நீள வேகன் அதில் திரும்பும்போது உடம்பு இன்னும் பிளாட்பாரப் பக்கம்தான் இருக்கும். வளைவு முடிந்து ஒரு வேகன் நீளம் போன பிறகே பிளாட்பாரம் தொடங்கவேண்டும். அட்டையில் பிளாட்பாரம் வெட்டி வைத்து, வேகனைக் கையால் தள்ளி உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்துப் பின்னுக்கு நகர்த்தினேன்.

மின்கம்பியை டிராம் பாதையின் நடுவில்தான் இழுப்பேன். சரக்கை இழுப்பது டீசல், அதற்குக் கம்பி எங்கிருந்தால் என்ன? நாக்குகளுக்கு சர்வோ (அவற்றை நகர்த்தும் குட்டி மோட்டார்) மாட்டுவது பாக்கி. இரு முனையும் சேர்ந்தே திரும்ப, இரண்டு சர்வோவையும் ஒரே பட்டனில் கோர்க்கப் போகிறேன்.